"எழுத்து சரியா தெரியலைண்ணா"

ஆந்திரத்தின் பலமனேரில் கடைகளுக்கும் டிடிபி சென்டர்களுக்கும் சிஸ்டம் பார்த்துக் கொடுக்கிறவன் நான். எனக்கு வருகிற போன்களில் அதிகம் கேட்பது தலைப்பில் இருக்கிற இந்த ஒரு வாக்கியம்தான். மானிட்டர் மாத்திடலாமா, விண்டோஸ் மறுபடி ஏத்திடலாமா, கண்ணாடி போடணுமா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். எதற்கும் பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: எப்படிச் சரியில்லை?

விஷயமே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. "கட்டம் கட்டமா வருது" என்றால் அந்த மொழிக்கான எழுத்துரு கிடைக்கவில்லை. "கொம்பு தனியா, எழுத்து தனியா நிக்குது" என்றால் எழுத்துகளைக் கோத்துக் கொடுக்கிற பகுதி வேலை செய்யவில்லை. "மங்கலா, அழுக்கா இருக்குது" என்றால் திரையையோ ஸ்கேலிங்கையோ பார்க்க வேண்டும். "மேல வெட்டிடுச்சு, கீழ வெட்டிடுச்சு" என்றால் அந்த மென்பொருளை எழுதியவர் நம் எழுத்துக்கு இடம் விடவில்லை. நான்கும் வேறு வேறு இடத்துக் கோளாறு. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது. மங்கலுக்கு எழுத்துரு மாற்றிப் பார்த்தவர்களையும், கட்டத்துக்குப் புது மானிட்டர் வாங்கிக் காசைத் தொலைத்தவர்களையும் இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பிரச்சினை தமிழ், தெலுங்கு இரண்டு எழுத்திலும் வரும். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை பலமனேர் தாலுகா வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதனால் வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு என்பது இங்கே பல குடும்பங்களுக்குப் பழக்கம். மாப்பிள்ளை வீடு குடியாத்தம், பெண் வீடு பலமனேர் என்றால் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் தெலுங்கும் இருக்கும். அதை அடிக்கிற சிஸ்டம் ஒன்று, மானிட்டர் ஒன்று, செட்டிங்கும் ஒன்று. ஆனால் தமிழ் ஒரு விதமாகக் கெடும், தெலுங்கு வேறு விதமாகக் கெடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் குற்றம் எந்த இடத்தில் என்று தெளிவாகப் பிடிபடுகிறது.

முதலில் மங்கல். மங்கலாக இருக்கிறது என்று சொல்கிறவர்களிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்வேன். போனில் மானிட்டரைப் போட்டோ பிடித்து அனுப்பினால் ஒன்றும் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பக் கூடாது. அது படத்தைச் சுருக்கும்போது எழுத்தைச் சுற்றிப் புதிதாக ஓர் அழுக்கைச் சேர்த்துவிடும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். அந்தப் படத்தை வேறொரு நல்ல மானிட்டரில் நூறு சதவீத அளவில் திறந்து பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். படத்தில் எழுத்து தெளிவாக இருந்தால் உங்கள் மானிட்டர், கேபிள், ரெசல்யூஷன் மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. படத்திலேயே மங்கல் என்றால் மானிட்டரைத் தொடவே தொடாதீர்கள்.

மானிட்டர் பக்கம் என்றால் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். 1920×1080 புள்ளிகள் உள்ள திரையை யாராவது "எழுத்து பெருசா தெரியட்டும்" என்று 1366×768-இல் வைத்திருப்பார்கள். ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி பொருந்தாமல் எல்லா எழுத்தும் கசியும். ரெக்கமண்டட் என்று காட்டுகிற அளவிலேயே வையுங்கள். நீலத் தலை விஜிஏ கேபிளாக இருந்தால் மானிட்டரில் உள்ள ஆட்டோ பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். முடிந்தால் எச்டிஎம்ஐ-க்கு மாறிவிடுங்கள்.

படத்திலேயே மங்கல் என்பதுதான் இப்போது அதிகம். 15.6 இன்ச் லேப்டாப்பில் 1920×1080 திரை இருந்தால் விண்டோஸ் தானாகவே ஸ்கேலை 125 சதவீதம் என்று வைக்கும். புது மென்பொருட்கள் இதைப் புரிந்துகொண்டு எழுத்தைப் பெரிதாக வரைந்துகொள்ளும். பழைய பில்லிங் மென்பொருட்களுக்கு இது தெரியாது. ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள்தான் உலகம் என்று நினைத்து எழுதப்பட்டவை அவை. விண்டோஸும் அவற்றிடம் 96 என்றே சொல்லி, சின்னதாக வரைய விட்டு, வரைந்து முடித்த படத்தை 1.25 மடங்கு இழுத்துக் காட்டுகிறது. பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிசு பண்ணிச் சட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: பிரவுசரில் எழுத்து கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், இந்த ஒரு மென்பொருள் மட்டும் பனி மூடியிருக்கும்.

அப்படி இருந்தால் அந்த மென்பொருளின் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று உள்ளே போங்கள். கடைசியில் இருக்கிற ஓவர்ரைடு என்ற பெட்டியை டிக் செய்தால் மூன்று தேர்வுகள் வரும். அப்ளிகேஷன் என்று வைத்தால் எழுத்து கூர்மையாகும், ஆனால் எல்லாம் சின்னதாகிவிடும். சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்பது 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்தது. எழுத்தைப் படமாக இழுக்காமல் பெரிய அளவில் மறுபடி வரையச் சொல்வது அது. தக்காளி மண்டிக் கணக்கு, மருந்துக் கடை பில் போன்ற பழைய மென்பொருட்களுக்கு நான் முதலில் போடுவது இதைத்தான். சிலதில் கட்டங்கள் இடம் மாறிப்போகும். அப்படி ஆனால் பழையபடியே விட்டுவிடுங்கள்.

ஸ்கேலிங் சரியாக இருந்தும் எழுத்து ரம்பப் பல் மாதிரி தெரிகிறதென்றால் அடுத்து கிளியர்டைப். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. எல்சிடி திரையின் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பட்டைகள் பக்கவாட்டில் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக ஏற்றி இறக்கி எழுத்தின் ஓரத்தை மென்மையாக்குவதுதான் அதன் வேலை. பட்டைகள் பக்கவாட்டில் இருப்பதால் பலனும் பக்கவாட்டில்தான். மேலும் கீழும் உள்ள வளைவை விண்டோஸின் பழைய வரைமுறை மென்மையாக்காது. அந்தக் குறையைச் சரிசெய்த டைரக்ட்ரைட் 2009-இல் விண்டோஸ் 7-உடன்தான் வந்தது. பழைய முறையில் எழுதிய மென்பொருட்கள் இன்னும் பழையபடியே வரைந்துகொண்டிருக்கின்றன.

இது இங்கிலீஷைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதன் எழுத்துகளில் செங்குத்துக் கோடுகள் அதிகம், அவற்றின் இரு ஓரமும் மென்மையானாலே போதும். தெலுங்கில் நேர்கோடு தேடினாலும் கிடைக்காது. எல்லாம் வட்டம். வட்டத்தின் இரு பக்கம் வழவழப்பாகவும், உச்சியும் அடியும் படிக்கட்டாகவும் இருந்தால் கண் வலிக்காமல் என்ன செய்யும்? தமிழிலும் சுழி உள்ள எழுத்துகளில் இதே நிலைதான். ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று தேடினால் சரிசெய்கிற திரை வரும். அதில் காட்டுகிற மாதிரிகளில் தெளிவானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் ஓரளவு தேறும். மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்திருந்தால் பட்டைகளும் திரும்பிவிடும். அப்போது கிளியர்டைப்பால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம்.

எக்ஸ்பி காலத்து மென்பொருட்களின் மெனு எழுத்து 8 பாயிண்ட். 96 புள்ளிக் கணக்கில் அது கிட்டத்தட்ட 11 பிக்சல் உயரம். அந்த 11 பிக்சலுக்குள் மூணு சுழி ண-வையும் ரெண்டு சுழி ன-வையும் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு சுழிக்கும் நடுவில் ஒரு வெள்ளை வேண்டும், சுற்றிலும் கறுப்பு வேண்டும். அகலம் போதாது. சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு எழுத்தும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அதற்குப் பிறகு திரையில் இருப்பது மணியா மனியா, கண்ணனா கன்னனா என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. தெலுங்கில் த வரிசையில் இதே சங்கடம். ஓர் எழுத்தின் அடியில் சின்னக் கோடு போட்டால் வேறு எழுத்து, நடுவில் ஒரு புள்ளியும் வைத்தால் இன்னொரு எழுத்து. கோடும் புள்ளியும் அப்பிக்கொண்டால் மூன்றும் ஒன்று. ஒரு பெயரில் ஒரு சுழி குறைந்து அச்சாகிவிட்டால், அதைத் திருத்த விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலைகிறவர் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். அதனால்தான் இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

கோத்துக் கொடுப்பதில் வரும் கோளாறு முன்னைப் போல இல்லை. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கிறார்கள். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அது தூங்கினால் கொம்பு பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பெட்டியை டிக் செய்து, சிடி-யைப் போட்டு ஏற்றினால்தான் தமிழ் ஒழுங்காக வரும். இப்போது ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற இலவச நிரல். 2017-இல் வந்த லிப்ரே ஆபீஸ் 5.3 எல்லா இயங்குதளங்களிலும் அதற்கு மாறியது. அதே ஆண்டு ஜாவா 9-உம் மாறியது. ஆகவே பழைய ஜாவாவோடு ஓடுகிற மென்பொருளில் தெலுங்கு பிய்ந்து தெரிந்தால் முதலில் ஜாவா எந்தப் பதிப்பு என்று பாருங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் என்றால் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிடிபி நண்பர்கள் என்னிடம் மனத்தாங்கலோடு கேட்பது உண்டு: "பேஜ்மேக்கர்ல நல்லா வருதுண்ணா, இதுல மட்டும் ஏன் ஒடையுது?" பேஜ்மேக்கரில் நீங்கள் பயன்படுத்துகிற பழைய எழுத்துருக்கள் இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் நம் எழுத்தின் வடிவங்களை வைத்தவை. கொம்பை முதலில் தட்டுகிறீர்கள், அது முதலில் நிற்கிறது. கோக்கிற வேலையே அங்கே இல்லை. அதே கோப்பை அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் வெறும் இங்கிலீஷ் குப்பையாகத் தெரிவதும் அதனால்தான். கோக்கிற வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரே உதாரணம்: 2018 பிப்ரவரியில் தெலுங்கு ‘ஜ்ஞா’ என்ற ஒரு கூட்டெழுத்து, ஒரு குறிப்பிட்ட குறியீட்டு வரிசையில் வந்தபோது ஐபோன்களில் செயலிகள் முடங்கின. ஆப்பிள் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது.

கட்டம் கட்டமாக வருவதும், எழுத்து திடீரென்று இளைத்தோ வீங்கியோ தெரிவதும் பெரும்பாலும் எழுத்துரு மாறிப்போனதால். இதில் விண்டோஸ் 10-க்கு மாறியவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. முன்பு விண்டோஸோடு தானாக வந்த லதா, விஜயா என்ற தமிழ் எழுத்துருக்களும், கௌதமி, வாணி என்ற தெலுங்கு எழுத்துருக்களும் இப்போது விருப்பப் பட்டியலுக்குப் போய்விட்டன. 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த நிர்மலா யுஐ-தான் இப்போது இந்திய மொழிகளுக்கெல்லாம் பொது எழுத்துரு. பழைய மென்பொருள் லதாவையோ கௌதமியையோ பெயர் சொல்லிக் கேட்கும், கிடைக்காது, வேறு எதையோ போட்டு ஒப்பேற்றும், அளவு பொருந்தாது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ், தெலுங்கு சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ் இரண்டையும் ஏற்றிவிடுங்கள். காசு கிடையாது, நெட் இருந்தால் போதும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹிண்டிங் என்ற அமைப்பு ஃபுல் என்று இருந்தால் ஸ்லைட் என்று மாற்றிப் பாருங்கள். முழு ஹிண்டிங் நம் வளைவுகளைப் பிக்சல் கட்டத்துக்குள் இழுத்து ஒடித்துவிடும். நோட்டோ, லோஹித் என்ற எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி, வெட்டுப்படுவது. எனக்கு அதிகம் மனசு அடித்துக்கொள்வது இதில்தான், ஏனென்றால் மேலே சொன்ன எதற்கும் பயனாளி கையில் ஒரு மருந்து இருக்கிறது, இதற்கு மட்டும் மென்பொருளை எழுதுகிறவர்தான் மனசு வைக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கைத் தன்னிடமே வைத்திருக்கிறது. ஒழுங்கான மென்பொருள் அதைக் கேட்டு வரியின் உயரத்தை வைக்கும். ஒழுங்கில்லாதது இங்கிலீஷை அளந்து, மெனுவுக்கு 20 பிக்சல், பட்டனுக்கு 23 பிக்சல் என்று எண்ணை ஆணியடித்து வைத்திருக்கும். அந்த வரிக்குள் தமிழ் வந்தால் மேலே இடிக்கும், தெலுங்கு வந்தால் கீழே இடிக்கும்.

நான் பார்த்த ஒரு மென்பொருளின் மெனுவில் ‘நீக்கு’ என்று இருக்க வேண்டும். மேல் இரண்டு பிக்சல் வெட்டுப்பட்டிருந்தது. நீ-யின் சுழி போய் நி ஆகிவிட்டது, க்-இன் புள்ளி போய் க ஆகிவிட்டது. திரையில் நின்றது ‘நிககு’. ‘அச்சிடு’ அதே வரிசையில் ‘அசசிடு’ ஆகியிருந்தது. தமிழில் புள்ளி என்பது அலங்காரம் கிடையாது, அது போனால் எழுத்தே வேறு. தெலுங்கில் ஒத்து எழுத்துகள், அதாவது கூட்டெழுத்தில் பின்னால் சேரும் மெய்கள், அடியில் தொங்குகின்றன. மாநிலம் என்பதற்கு அவர்கள் எழுதும் ‘ராஷ்ட்ரம்’ என்ற சொல்லில் ஷ-வுக்கு ட ஒத்தும் ர ஒத்தும் சேர்ந்தே வரும். விண்ணப்பப் படிவம் எதிலும் அந்தச் சொல் இல்லாமல் இருக்காது. வரியின் அடி வெட்டுப்பட்டால் முதலில் பலியாவது அது.

அந்த மென்பொருளை வைத்திருந்த தம்பி, "விடுண்ணா, இங்கிலீஷ்லயே வச்சுக்கறேன்" என்றான். அவனுக்கு அது சரி. அவனுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பில் போடுகிற அக்காவுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். நம் எழுத்து சரியாகத் தெரியாததால் நாம் ஒதுங்கிப் போகிறோம், நாம் ஒதுங்கிப் போவதால் இந்த மொழியில் யாரும் பயன்படுத்தவில்லை என்று மென்பொருள் எழுதுகிறவர்கள் கணக்கெழுதுகிறார்கள். இப்படியே விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முழு மருந்து இல்லையென்றாலும் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. எழுத்து பெரிதாக வேண்டும் என்றால் டெக்ஸ்ட் சைஸ் என்ற அமைப்பைத் தொடாமல் ஸ்கேலை ஏற்றுங்கள். டெக்ஸ்ட் சைஸ் எழுத்தை மட்டும் பெரிதாக்கும். ஆணியடித்த வரிகள் அப்படியே நிற்பதால் இன்னும் அதிகம் வெட்டுப்படும். மென்பொருளிலேயே எழுத்துரு மாற்ற இடம் இருந்தால் நிர்மலா யுஐ, அல்லது நோட்டோவில் யுஐ என்று பெயரில் முடிகிற வகையைப் போடுங்கள். மெனு, பட்டன்களுக்காகவே உயரத்தை அடக்கி வரைந்தவை அவை. பேனருக்காக வரைந்த எழுத்துருவை மெனுவுக்குப் போடாதீர்கள். கிருஷ்ணதேவராயரின் அவையில் இருந்த நம் ஸ்ரீகாளஹஸ்திக் கவி தூர்ஜடியின் பெயரில் கூகுள் தொகுப்பில் ஓர் இலவசத் தெலுங்கு எழுத்துரு இருக்கிறது. கடைப் பலகையில் கம்பீரமாக நிற்கும். 11 பிக்சல் மெனுவில் அதைத் திணிப்பது அந்த எழுத்துக்கே செய்கிற கொடுமை.

மற்றது, மென்பொருளை எழுதியவருக்குத் தெரியப்படுத்துவது. "தமிழ் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது. விண்டோஸ் பதிப்பு, ஸ்கேல் சதவீதம், எந்த மெனு, எந்தச் சொல், அது எப்படித் தெரிய வேண்டும், எப்படித் தெரிகிறது, கூடவே சுருக்காத ஒரு ஸ்கிரீன்ஷாட். இவ்வளவும் இருந்தால் நல்ல நிரலாளர் அன்றைக்கே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

மென்பொருள் எழுதுகிற தம்பி தங்கைகளே, சோதிக்கும்போது எந்தச் சொல்லைப் போட்டுச் சோதிக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். தெலுங்கில் பலமனேர் என்று அடித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், அந்தப் பெயரில் ஒத்தே கிடையாது. திருப்பதி, புங்கனூர், மொகிலி எதிலும் கிடையாது. சித்தூர் என்று அடியுங்கள், த-வின் அடியில் த ஒத்து வரும். மதனப்பள்ளி அடியுங்கள், ல-வின் அடியில் ல ஒத்து வரும். ஸ்ரீகாளஹஸ்தி அடியுங்கள், இரண்டு இடத்தில் வரும். தமிழில் கண்ணன், மன்னன், நீக்கு, கீழ்ப்பகுதி, கொடுக்கல் வாங்கல். இவற்றை 100, 125, 150 சதவீதம் மூன்றிலும் வைத்து, மெனுவிலும் பட்டனிலும் பட்டியல் வரிசையிலும் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.